இரண்டாம் பெட்டி

கம்பெனி மருத்துவர் தூக்க மாத்திரை எழுதினார்,
அறுபது நாள் விடுப்பும் எழுதினார்.
அக்டோபரில் என் ரயிலின் முன் நடந்தது
அறிக்கையில் பதினோரு வரி.
பன்னிரண்டாவது வரியை
இரவு மூன்று மணிக்கு எழுந்து
நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே ரயில் ஓட்டுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு:
கண்டதை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்வது.
சிக்னல், பச்சை. கதவு, மூடியது. நேரம், சரி.
விடுப்பில் அது வீட்டுக்குள் வந்துவிட்டது.
அடுப்பைச் சுட்டினேன்: அணைந்தது.
குழாயைச் சுட்டினேன்: மூடியது.
வெறும் நடைவழியைச் சுட்டி
"யாரும் இல்லை" என்றதை
மனைவி பார்த்துவிட்டாள்.
ஒருமுறை சொல்லியிருந்தால் விட்டிருப்பாள்.

ஹிமி துறைமுகத்துக்குப் பின்னால்
மீன் ஏலக் கூடத்தின் ஐஸ் தண்ணீர்
வழிந்தோடும் சந்து.
பெயர்ப்பலகையில் எழுத்து, அதற்குக் கீழே
பிரெய்ல் புள்ளிகள்.
இசுருகி-சானுக்குப் பத்தொன்பது வயதில் பார்வை போனதாம்.
"மன்னியுங்கள், விளக்கு போட மறந்துவிட்டேன்,
உங்களுக்கு அது வேண்டுமல்லவா?"

என்ன நடந்தது என்று கேட்கவில்லை.
இரு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து
அடுத்த அறைப் பேச்சை ஒட்டுக்கேட்பவர் போல
தலையைச் சாய்த்து, வெகுநேரம்.
"இன்னும் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை நீங்கள்" என்றார்.
என் வேலையை மனைவி சொல்லியிருப்பாள்
என்று நினைத்துக்கொண்டேன்.

மயிரிழை ஊசி. அதற்கொரு சின்னக் குழல்.
குழலின் தலையில் ஆள்காட்டி விரலால்
டொக், டொக்.
போனது தெரியவில்லை. போன பிறகு
ஈரத்துணி போல ஒரு கனம்
முழங்கைவரை படர்ந்தது.
ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார்.
உச்சந்தலையில், நூறும் கூடுமிடம்.
மணிக்கட்டில், உள்வாசல்.
சுண்டுவிரல் ஓரம், தெய்வ வாசல்.
நிலையங்களின் பெயர் போலத்தான் இருந்தது.
அந்தப் பாதையில் நான் ஓட்டியதில்லை.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
இரண்டாம் வாரம்
காது மடலில் ஊசியோடு குறட்டை விட்டேனாம்.
மூன்றாம் வாரம் அழுதேன்,
அதற்காக அல்ல,
எட்டு வயதில் பனியில் தொலைத்த ஒற்றைக் கையுறைக்காக.
"குணமாகுமா?" என்றேன்.
"சிலருக்கு" என்றார்.
மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார்.

ஒன்பதாம் முறை போனபோது
குளிர்காலத்தின் முதல் இடி.
கொழுத்த மீனைக் கடலடியிலிருந்து
எழுப்பும் இடி என்பார்கள் இங்கே.
என்னைத்தான் எழுப்பியது.
ஏழு ஊசியும் சேர்ந்து நடுங்கின.
வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு
அவர் சொன்னார்:
"அன்று நான் இரண்டாம் பெட்டியில் இருந்தேன்.
பதினாறு வருடமாய் உங்கள் பிரேக் எனக்குத் தெரியும்,
மடியில் வைத்த டீ சிந்தாது.
அன்று தரையில் விழுந்தேன்.
ஊசிப் பெட்டி இரண்டும் உருண்டன.
ஒன்றைப் பள்ளிக்கூடத்துப் பெண் எடுத்துத் தந்தாள்.
இன்னொன்று கிடைக்கவில்லை."

மன்னிப்புக் கேட்கக் குனிய வேண்டும்.
படுத்தபடி எப்படிக் குனிவது?
தலையைத் தூக்கினேன்.
"அசையாதீர்கள், உச்சியில் ஒன்று இருக்கிறது" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

பிறகு ஒவ்வொன்றாய் எடுத்து
கிண்ணத்தில் போட்டு எண்ணினார். ஏழு.
"ஏழு, சரி" என்று
கிண்ணத்தைச் சுட்டினேன், அவருக்குத் தெரியாது என்பதை மறந்து.
"நன்றி, ஓட்டுநரே" என்றார்.

திங்கட்கிழமை டிப்போவுக்குப் போனேன்,
ஓட்ட அல்ல.
தொலைந்த பொருள் அறையில் அக்டோபர் தட்டு:
பதினான்கு குடை, ஒரு பல்செட்,
ஒற்றைக் கையுறை, என்னுடையது அல்ல.
தகரப் பெட்டி எதுவுமில்லை.

பக்கவாட்டுத் தடத்தில் அந்த ரயில் நின்றது.
முன்பக்கம் போகாமல்
இரண்டாம் பெட்டியில் ஏறினேன்.
மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு,
ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில்
கைவிட்டுத் தடவிக்கொண்டே போனேன்.